கித்தேரியம்மாள் அசையாமல் இருந்த படம்

உபகாரத்தைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பஜாரில் ஒருத்தரும் மறுத்துப் பேச மாட்டார்கள். இடி இடித்தால் பயம். மாடு முறைத்தால் பயம். பூசை முடிந்து சாமியார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூட, என்ன பாவம் செய்தோமோ என்று பயம். பேக்கரியில் அடுப்பு வேலை. வெள்ளனே எழுந்து விறகைத் திணித்து, பள்ளிக்கூட விடுதிகளுக்குப் போகிற ரொட்டியை வேகவைத்து இறக்குவது அவன் சோலி. அந்த அடுப்பு ஒன்றுக்குத்தான் அவன் பயப்பட்டதில்லை. இப்பேர்ப்பட்ட ஆள் கையில் போய், மூன்று கால் வைத்து நிற்கிற பெரிய மரப்பெட்டிக் காமிரா ஒன்று சிக்கியது பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

அவனாக ஆசைப்பட்டு வாங்கவும் இல்லை. எழுபதுகளின் நடுவில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. போகிறவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றுவிட்டுப் போவார்கள். மழைக்காலத்தில் துணிமணி பூசணம் பிடிக்காமல் வைக்க ஒரு ட்ரங்குப் பெட்டி வேண்டுமென்று போனான். கிடைத்தது. தலைச்சுமையாக வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் உள்ளே தேக்கும் பித்தளையுமாக அந்தக் காமிரா படுத்திருக்கிறது, நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான தோலோடு. திருடன் என்று பெயர் வந்துவிடுமே என்று அலறியடித்துக்கொண்டு திருப்பிக் கொடுக்க ஓடினான். அந்தத் துரை சிரித்துவிட்டு, வைத்துக்கொள் என்று கையை ஆட்டிவிட்டார்.

"அவருக்கே வேணாமாம். நமக்கு எதுக்கு இது?" என்றான் பெண்டாட்டியிடம்.

கித்தேரியம்மாள் அவனுக்கு நேர் எதிர். வாய் ஓயாது, கை ஓயாது. பேசும்போது பத்து விரலும் கூடவே பேசும். அன்றைக்கு அந்த விரல்களால் காமிராவைத் தடவிக்கொண்டிருந்தாள். "வச்சுக்கங்க. நம்ம மொதப் புள்ளைய ஒரு படம்கூடப் பிடிக்காமத்தான குழியில வச்சோம். இப்ப அது முகம் எனக்கே மங்கலாத்தான் வருது" என்றாள். உபகாரம் அதைச் சரிபார்க்க உட்கார்ந்தான்.

துருத்தி முழுக்கப் பூச்சி அரித்த ஓட்டை. கம்பளிக்குள் புகுந்துகொண்டு, துருத்திக்குள் டார்ச் லைட்டை விட்டுப் பார்த்தான். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் கசிந்தது. பழைய குடைத்துணியை வெட்டி, சைக்கிள் கடையில் பஞ்சர் சொல்யூஷன் கேட்டு வாங்கி ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தான். அடுத்து பிலிம். மதுரையில் விசாரித்தால், அவ்வளவு பெரிய பிலிம் இப்போது வருவதே அபூர்வம், வந்தாலும் ரொட்டிக்கடைச் சம்பளத்துக்குக் கட்டாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வழி சொன்னது மச்சான் அடைக்கலம், கித்தேரியின் அண்ணன். மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே ரூமில் வேலை பார்த்தான். "ஏலே மாப்ள, எலும்பைப் பிடிக்கிற பிலிமு மூஞ்சியைப் பிடிக்காதா? தேதி முடிஞ்சதுன்னு ஒரு கட்டைத் தூக்கிப் போடச் சொல்லியிருக்காங்க. எடுத்துட்டுப் போ" என்றான். கழுவுகிற மருந்தும் அங்கே வேலை முடிந்து கீழே கொட்டப் போகிறதுதான். பேக்கரியின் பின்னறை ஜன்னலை மாவுச் சாக்கால் அடைத்து, டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, எக்ஸ்ரே பிலிமைக் காமிரா அளவுக்குக் கத்தரித்தான். பிலிமே பெரிதாக இருந்ததால் படத்தைப் பெரிதாக்க மெஷின் தேவையில்லை. போட்டோத் தாளின்மேல் பிலிமை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெளிச்சம் காட்டினால் அதே அளவுக்குப் படம் விழுந்துவிடும். தாளைத் தவிர எல்லாம் ஓசியிலேயே நடந்துவிட்டது.

ஆனால் ஓசிக்கு ஏற்ற குணம் இருக்குமில்லையா? பிலிமோ பழசு, மருந்தோ நீர்த்துப் போனது, கொடைக்கானல் பனியில் வெளிச்சமோ குறைச்சல். கண் மூடித் திறக்கிற நேரத்தில் படம் விழாது. லென்ஸின் பித்தளை மூடியைக் கையால் கழற்றி, நேரம் எண்ணி, திரும்பவும் மூட வேண்டும். உபகாரத்திடம் கைக்கடிகாரம் கிடையாது. அருள் நிறைந்த மரியே செபம்தான் கடிகாரம். முதல் பாதியைச் சொல்லி முடித்ததும் மூடிவிடுவான். மீதிப் பாதியில் மரண நேரம் என்று வருகிறது. மூடி திறந்திருக்கும்போது அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஆகாது என்று அவனாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். இந்த மாதிரிச் சட்டமெல்லாம் போட அவனைக் கேட்கணுமா!

பாதிச் செபம்வரை அசையாமல் இருக்கிற மனுசன் யார்? முதலில் அடைக்கலத்தை உட்காரவைத்தான். பாதியில் சிரித்துத் தொலைத்ததில் அவனுக்கு மூன்று மூக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை நிற்கவைத்தான். ஐந்து பிள்ளைகளும் புகையாகத்தான் விழுந்தன. "போட்டோவா மாப்ள இது? அடுப்பு ஊதுன மாதிரி இருக்கு" என்று அடைக்கலம் பஜார் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சமயத்தில் கோயிலில் மணியடிக்கிற வேலை பார்த்த சிலுவைராஜ் இறந்துபோனார். பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர் ஊரில் இல்லை. உபகாரத்தைக் கூப்பிட்டார்கள். சவப்பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து நிமிர்த்தி, குடும்பத்தார் பின்னால் நிற்க, ஒரு படம் எடுத்தான். பின்னறையில் கழுவிப் பார்த்தான். அழுது குலுங்கிய மனைவி மக்கள் அத்தனை பேரும் வெறும் பனி. சிலுவைராஜ் மட்டும் அச்சு அசலாக, தாடி மயிர் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போலக் கிடந்தார். அந்தக் காமிராவுக்கு உயிரோடு இருப்பவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். நினைத்தவுடனே சிலுவையும் போட்டுக்கொண்டான்.

குடும்பத்தாருக்கு என்னவோ அந்தப் படம் உயிராகிவிட்டது. சாவுப்போட்டோ உபகாரம் என்று பெயரும் வந்துவிட்டது. வேண்டாம் என்றாலும் விட மாட்டார்கள், துக்க வீட்டில் எப்படி முடியாது என்பது? மன்னவனூரில் பூண்டு விவசாயி திருமலைச்சாமி இறந்ததற்கு, அவர் மகன் மணியன் முட்டைக்கோசு லாரியை அனுப்பிக் கூட்டிக்கொண்டு போனான். நெற்றியில் காசு வைத்து, நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். சனம் பின்னால் நின்றது. திருமலைச்சாமியின் அக்கா ராக்காயி மட்டும் அழவுமில்லை, பேசவுமில்லை. ஓரமாக நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள். படத்தில் வழக்கம்போல மற்றவர்கள் புகை. திருமலைச்சாமி தெளிவு. நிலையில் சாய்ந்திருந்த ராக்காயியும் தெளிவு.

பூண்டு அறுப்பு முடியுமுன்னே மணியன் பேக்கரிக்கு வந்து நின்றான். "இன்னொரு படம் போட்டுத் தாங்கண்ணே. அத்தையும் போயிருச்சு. தனியா ஒரு போட்டோ இல்லையேன்னு பாத்தோம், நல்ல வேளை அப்பாகூட அத்தையும் விழுந்திருக்கு" என்றான் பாவம், சந்தோசமாக. உயிரோடு நின்று தெளிவாக விழுந்தவளும் செத்துவிட்டாளே என்று உபகாரத்துக்கு உறைத்தது.

அன்றிலிருந்து காமிராவை ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். யார் கூப்பிட்டாலும் பிலிம் இல்லை என்றான். பொய்யும் இல்லை. எக்ஸ்ரே ரூமுக்கு வந்த புதுப் பொறுப்பாளர் அலமாரிச் சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டதில் அடைக்கலத்தின் வரத்து நின்றுபோயிருந்தது. பெட்டியின் அடியில் ஒரே ஒரு பிலிம் மிச்சம்.

அது கித்தேரிக்குத் தெரியும். அவள் அப்போது உண்டாகியிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்ததும் பிடித்தாள் பிடிவாதம். "மொதப் புள்ளைக்குத்தான் முகம் இல்லாமப் போச்சு. இதையாச்சும் வயித்துல இருக்கும்போதே ஒரு படம் பிடிச்சு வைங்க. நாளைக்கு என்ன ஆகும்னு யாரு கண்டா?"

"வாயக் கழுவுடி!" என்று கத்தினான். கையும் காலும் வெடவெடவென்று ஆடின.

"என்னைக் கழுவச் சொல்லிட்டு நீங்க ஏன் ஆடுறீங்க?"

பனி அதிகம் என்றான், லென்ஸ் மங்கல் என்றான், துருத்தி கிழிந்துவிட்டது என்றான். அவள் விடுவதாக இல்லை. கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. இவள்தான் ஒரு நொடி சும்மா இருக்க மாட்டாளே! கட்டாயம் அசைவாள். புகையாகத்தான் விழுவாள். புகையாக விழுந்துவிட்டால் அப்புறம் பயமே இல்லை, இவள் உயிரோடு இருப்பாள் என்று அந்தக் காமிராவே சொன்ன மாதிரி. இதற்காகவே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தான். கிறுக்குத்தனம்தான். பயம் பிடித்தவனுக்கு அதுவே பெரிய புத்திசாலித்தனமாகத் தெரியும்.

வீட்டுக்குப் பின்னால், பேரிக்காய் மரத்துக்கு அடியில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தான். கலியாணப் புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். கை இரண்டும் வயிற்றின்மேல். கம்பளிக்குள் தலையை விட்டுக் பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தால், அந்தக் காமிராவின் வழக்கப்படி கித்தேரி தலைகீழாகத் தொங்கினாள். எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறான். இவளைப் பார்த்ததும் தலையை வெளியே இழுத்துக்கொண்டான்.

"கஷ்டமா இருந்தா அசைஞ்சுக்க. ஒண்ணும் குத்தமில்ல" என்றான் தந்திரமாக.

"கடைசி பிலிமுன்னு நீங்கதான சொன்னீங்க? பேசாம எடுங்க" என்று ஒரு முறை முறைத்துவிட்டு மூஞ்சியை நேராக்கினாள்.

மூடியைக் கழற்றினான். செபத்தைத் தொடங்கினான். பாதி வந்தது. கித்தேரி கல்லாக உட்கார்ந்திருந்தாள். இமைகூட ஆடவில்லை. அசை, கொஞ்சம் அசைடி என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு, மூடாமல், வார்த்தைகளை இழுத்து இழுத்து மீதிப் பாதிக்குள் போனான். அவள் அசையக் காணோம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனவன் வாயிலிருந்து, மூடி திறந்திருக்கும்போதே, மரண நேரம் என்கிற வார்த்தை வந்து விழுந்துவிட்டது. பதறிப்போய் மூடினான். கித்தேரி புஸ்ஸென்று மூச்சை விட்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல், கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

பின்னறையில், சிவப்பு வெளிச்சத்தில், எனாமல் தட்டுக்குள் பிலிமை ஆட்டினான். இதுவரை எந்தப் படத்தையும் கெட்டுப் போ, கெட்டுப் போ என்று வேண்டிக்கொண்டு கழுவியதில்லை. முதலில் நெற்றி வந்தது. பிறகு புருவம். பிறகு மூக்கு, மூக்குத்தி, உதடு. அத்தனையும் தெளிவு. பிலிமில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் மாறித்தான் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. என்றாலும் கறுத்த முகத்தில் வெள்ளைக் கண்ணோடு பெண்டாட்டியே தண்ணீருக்குள் இருந்து பார்க்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. பார்த்தது போதும் என்று அப்படியே கவிழ்த்து, மீதியைக் கண்ணை மூடிக்கொண்டே கழுவி முடித்தான்.

கிழித்துப் போடலாம் என்றால், அவளையே கிழிக்கிற மாதிரி இருந்தது. வீட்டில் வைக்கவும் பயம். காய்ந்ததும் வெண்ணெய்த் தாளில் சுற்றி, ஒரு சின்ன ரொட்டி டப்பாவில் போட்டு, பேக்கரி அடுப்புக்குப் பின்னால் சூடு படாத மாடத்தில் ஒளித்தான். வீட்டுக்கு வந்து, "பனியடிச்சுக் கெட்டுப்போச்சு" என்றான்.

வேறு நாளாக இருந்தால் கித்தேரி வீட்டை இரண்டாக்கியிருப்பாள். அன்றைக்கு "ம்" என்றாள். அதோடு சரி.

அதற்குப் பிறகு அவள் பேச்சுக் குறைந்தது. கைகள் மடியில் கிடந்தன. அவன் வந்தால் தலையைக் குனிந்துகொண்டாள். ஓயாமல் ஆடுகிற பெண்பிள்ளை அப்படி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் உபகாரத்துக்கு எப்படி இருக்கும்? படத்தில் இருந்தவள் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. அவள் முகத்தை நேராகப் பார்ப்பதையே விட்டுவிட்டான். பார்த்தால் அந்த வெள்ளைக் கண் ஞாபகம் வந்தது. தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கித் தானே தூக்கினான். தும்மினால்கூட ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை பேச மாட்டான்.

தாங்க முடியாமல் மச்சானிடம் சொல்லி அழுதான்.

"ஏலே, கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?" என்றான் அடைக்கலம். "அந்தக் கெழவி நிலைக்கதவுல சாஞ்சுக்கிட்டு நின்னுச்சு, ஆடல. அம்புட்டுத்தான். வயசாச்சு, செத்துப்போச்சு."

"கித்தேரி எதுல சாஞ்சுக்கிட்டு இருந்தா மச்சான்? முழு செபமும் சொன்னேன். நம்ம கித்தேரி. முழு செபத்துக்கும் அசையல."

அடைக்கலம் தங்கச்சியைச் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்தவன். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் சிரித்திருந்தால்கூட உபகாரத்துக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

மழை பிடித்தது. கொடைக்கானல் மழையில் சுவரே வேர்க்கும், பிலிமா தப்பும்? பூசணம் பிடித்தால் அதுவும் ஒரு சகுனமாகிவிடுமே என்று நித்தமும் டப்பாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சூடு போதுமா, ஈரம் ஏறிவிட்டதா என்று வெளியே தடவுவானே தவிர, திறந்து பார்க்க ஒரு நாளும் துணியவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு பகல் நேரம். வலி எடுத்துவிட்டதென்று ஆள் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினான். உள்ளே கதவைச் சாத்தியிருந்தார்கள். வெகுநேரம் கழித்து ஒரு நர்ஸம்மா வெரசாக வெளியே வந்து, ரத்தம் நிறையப் போகிறது, சொந்தக்காரர் யாராவது ரத்தம் கொடுங்கள் என்றார். உபகாரத்தின் ரத்தம் சேரவில்லை. அடைக்கலத்தினுடையது சேர்ந்தது. அடைக்கலம் உள்ளே போனான், கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது.

உபகாரம் மழையில் இறங்கி ஓடினான். பேக்கரிக்குள் புகுந்து, மாடத்திலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்பு வாயைத் திறந்தான். நெருப்பு தகதகவென்று இருந்தது. இதைப் போட்டுவிட்டால் சாவு அவளை விட்டுவிடும். இது இருக்கிறவரைக்கும்தானே அவளைக் கேட்கும். கையை நீட்டினான். நீட்டின மாத்திரத்தில், உள்ளே இருப்பது அவள் முகம், நெற்றியும் மூக்குத்தியும் உதடுமாக எரியப் போவது அவள் முகம் என்று உறைத்தது. போடவும் முடியவில்லை, கையை எடுக்கவும் முடியவில்லை. ஆயுசில் முதல் தடவையாக அந்த அடுப்புக்கும் பயந்தான். அப்படியே மண்டிபோட்டு, வாய்விட்டுச் செபம் சொன்னான். பாதியில் நிறுத்தவில்லை. மரண நேரத்தையும் சேர்த்துத்தான் சொன்னான், திரும்பத் திரும்பச் சொன்னான். வேறு என்ன செய்வான், அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"ஏலே மாப்ள!"

வாசலில் அடைக்கலம், தொப்பலாக நனைந்து, முழங்கையில் பஞ்சு ஒட்டியபடி. "அங்ஙன பெத்துப் போட்டுட்டு அவ தேடுறா, இங்ஙன நெருப்பு முன்னால உக்காந்து என்ன பண்ணிக்கிட்டு இருக்க? பொட்டப்புள்ள. ரெண்டு உசுரும் பத்திரம். எந்திரி!"

வார்டில் ஜன்னலோரக் கட்டில். கித்தேரி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் பிள்ளை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா வைய மாட்டீங்களே?" என்றாள் அவள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உள்ள வலியில கெடக்கும்போது, இதைச் சொல்லாமப் போயிருவனோன்னுதான் பயமா இருந்துச்சு. அந்தப் படம் பனியில கெடல. நாந்தான் கெடுத்தேன்."

"நீயா?"

"கடைசி பிலிமாச்சே, என்னால வீணாப் போயிரக் கூடாதுன்னு மூச்சை அடக்கிக்கிட்டு இருந்தேங்க. நீங்க என்னமோ அன்னைக்குன்னு பாத்துச் செபத்தை இழு இழுன்னு இழுக்கிறீங்க. கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வந்துச்சு, அப்பவும் மூஞ்சியை அசைக்கல. முடியப் போற நேரத்துல உள்ள இருந்து இவ விட்டா பாருங்க ஒரு உதை. வயித்து மேல வச்சிருந்த கை துள்ளிருச்சு. சொல்ல வாய் வரல. நீங்களும் அன்னையிலருந்து என் முகத்தைப் பாக்கிறதையே விட்டுட்டீங்க. அம்புட்டுக் கோவம் உங்களுக்குன்னு நெனச்சேன்."

உபகாரம் நனைந்த கோட்டுப் பைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்தான். வெண்ணெய்த் தாளை அடைக்கலம்தான் பிரித்துக் கொடுத்தான். பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். பூசணம் இல்லை. முகம் அப்படியே இருந்தது, அதே நெற்றி, அதே மூக்குத்தி. பல்லைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தான். அன்றைக்குப் பார்க்காமல் கவிழ்த்துவிட்ட இடம். வயிற்றின்மேல் இருந்த வலது கையில் விரல்கள் ஐந்து இல்லை. ஏழோ எட்டோ, ஒன்றின்மேல் ஒன்றாக, புகையாகக் கலைந்து கிடந்தன.

அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தான். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கெட்டுத்தான போச்சு?" என்றாள் கித்தேரி பயந்துகொண்டே.

"இல்ல" என்றான், பிள்ளையைத் தொட்டுக்கொண்டு. "இவளும் விழுந்திருக்கா."